இருமி எடுத்தவன் நான்

மலை மேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்து என் பெயரைச் சொன்னால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே நாலு பேர் வழி சொல்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றும் வராது என்று எல்லோரும் கைவிட்ட கல்லுச் சரிவில் மூன்று ஏக்கர் மிளகு ஏற்றிக் காட்டியவன் நான். கொடி படர வைத்த சில்வர் ஓக் கன்றுகளை, ரோடு வருவதற்கு முன்னால், தலையில் வைத்துச் சுமந்து வந்தேன். மேட்டு ஊற்றுத் தண்ணீர் வீணாகப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. கல் அடுக்கிக் குட்டை கட்டி அதை நிறுத்தினேன். எந்த எஞ்சினியரும் வந்து அளக்கவில்லை, என் கால் அடிதான் அளவு. பதினெட்டு வருடம் ஆகிறது, ஒரு கல்கூட நகரவில்லை. மண் சுவர் வீட்டை நானே இடித்து நானே கல் வீடாக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மகன் செல்வராசுவை டிப்ளமோ படிக்க வைத்து ராசிபுரத்தில் கம்பெனி வேலைக்கு அனுப்பினேன். இத்தனையும் யாருடைய தயவும் இல்லாமல்.

இப்படிப்பட்ட ஆளை ஒரு இருமல் பிடித்து உட்கார வைத்தது. அதை எப்படி ஜெயித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நம் மலையில் இருமிக்கொண்டே கசாயம் குடித்துக்கொண்டிருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும்.

மாசி மாதம் மிளகு பறித்து முடித்ததும் இருமல் வந்தது. என் மனைவி வெள்ளையம்மாள் ஆடாதொடை இலையும் தூதுவளையும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். பத்து நாள் அடங்கும், மறுபடி வரும். வைகாசியில் மூச்சு விட்டால் நெஞ்சின் வலது பக்கம் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. ஆனியில் ஒரு நாள் காலையில் துப்பியபோது சளியில் சிவப்பாக ஒரு நூல் கிடந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். ஆனால் வெள்ளையம்மாள் கண்ணுக்கு எது தப்பியிருக்கிறது? அன்று மத்தியானமே செல்வராசு லீவு போட்டுவிட்டு வந்து நின்றான்.

மலை மேல் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் வலது பக்கத்து அடியில், அரிசி மாவு சிந்தியது போல வெள்ளையாக ஒரு திட்டு. சளியை இரண்டு முறை டப்பாவில் பிடித்துச் சோதித்தார்கள், டி.பி. கிருமி இல்லை என்று வந்தது. நான் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அங்கிருந்த டாக்டர் தம்பி, கீழ்நாட்டிலிருந்து வந்தவர், கையைப் பிடித்து உட்கார வைத்தார். "டி.பி. இல்லீங்கறது நல்ல சேதி மாதிரி தெரியும். ஆனா அது இல்லீன்னா வேற என்னன்னு பாக்கோணுமுங்க. கீழ நாமக்கல்லுக்கு எழுதித் தாரேன், நாளைக்கே போயிருங்க" என்றார்.

நாமக்கல்லில் எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. நெஞ்சு நோய்க்கென்றே படித்தவர். முதலில் ஸ்கேன். ஒரு பெரிய வளையத்துக்குள் நம்மைப் படுக்க வைத்துத் தள்ளுகிறார்கள். உடம்பைக் கேரட்டை நறுக்குவது போல வில்லை வில்லையாகப் படம் பிடிக்கிறது. வலி இல்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு குரல் சொல்லும், பிடித்தால் போதும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்.

"பீடி குடிப்பீங்களாங்கய்யா?"

"முப்பது வருசம் குடிச்சனுங்க. உட்டுப் பன்னெண்டு வருசமாச்சு. ஒரே நாள்ல உட்டேன். யாரும் சொல்லி உடல."

"சாப்பிடறப்ப எதாச்சும் பொரை ஏறுச்சா? எதாவது உள்ள போயி மாட்டிக்கிட்ட மாதிரி, மூச்சு அடைச்ச மாதிரி?"

"எனக்கா? இல்லீங்க."

இந்தப் பதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியைப் பற்றி வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

டாக்டரம்மா ஒரு தாளில் மரம் போல வரைந்தார். தலைகீழ் மரம். மூச்சுக்குழாய்தான் அடிமரம், அது இரண்டாகப் பிரிந்து கிளை கிளையாக நுரையீரலுக்குள் போகிறது. எனக்கு வலது பக்கத்துக் கீழ்க்கிளை ஒன்று அடைத்துக் கிடக்கிறது. அடைப்புக்கு அந்தப் பக்கம் காற்றுப் போகாமல் சுருங்கிப் புண்ணாகியிருக்கிறது. அடைத்திருப்பது எது என்பதுதான் கேள்வி.

"கேன்சருங்களா?" என்று செல்வராசு கேட்டான். நான் கேட்க நினைத்து விட்டுவிட்ட கேள்வி.

"அப்படி இருக்குமோன்னுதான் பாக்கறோம் தம்பி. வேற எதாவதாவும் இருக்கலாம். உள்ள போயிப் பாத்துத் துளி சதை எடுத்துச் சோதிச்சாத்தான் சொல்ல முடியும். கெட்ட கட்டியா இருந்தா அந்தப் பாகத்தையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம்."

வெள்ளையம்மாள் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. பாதி நுரையீரலோடு மரம் ஏற முடியுமா?

உள்ளே போய்ப் பார்ப்பதற்குப் பெயர் பிராங்கோஸ்கோபி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பென்சில் மொத்தத்தில் ஒரு கறுப்புக் குழாய், நுனியில் விளக்கும் கேமராவும். மூக்கு வழியாக விட்டு, குரல்வளையைத் தாண்டி, மூச்சுக்குழாய்க்குள் இறக்குகிறார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது, அன்றைக்கே வீடு திரும்பலாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். என்னைக் கூப்பிட்டது பதினொன்றரைக்கு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்தான் மொத்தத்திலும் கஷ்டமான நேரம். எதிரே இருந்த ஒருவர் தன் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். பார்த்தால் தெரியப் போகிறதா? நானும் என்னுடையதை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். பில்லைப் பற்றி மகனிடம் கேட்டேன். "அது என்ற வேலைங்கப்பா, நீங்க மூச்ச மட்டும் விடுங்க" என்றான். இட்லிக் கடை வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வா புள்ள" என்றேன் வெள்ளையம்மாளிடம்.

"நீங்க தின்னப்பறம் திங்கறேன்."

"உன்ற மூக்குலயா குழாய் உடறாங்க?"

"பேசாம உக்காருங்க. தொண்டை காயுது, பேச்சு மட்டும் காயறதில்ல."

உள்ளே முதலில் ஒரு முகமூடி வைத்துப் புகை போல மருந்தை இழுக்கச் சொன்னார்கள். தொண்டை மரத்துப்போவதற்கு. பிறகு ஸ்ப்ரே. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு யாருடையதோ போல ஆகிவிட்டது. விரலில் ஒரு கிளிப், கையில் ஓர் ஊசி. மயக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. குழாய் குரல்வளையைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது போல ஒரு பதற்றம் வரும். நிற்காது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வருதுங்கய்யா, வந்துக்கிட்டேதான் இருக்குது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இருபது நிமிடம். டாக்டரம்மா யாரிடமோ, "இங்க பாருங்க, சதை மூடியிருக்கு, தொட்டாலே ரத்தம் வருது" என்றது காதில் விழுந்தது. பயப்பட அதுவே போதாதா?

வெளியே வந்ததும் டாக்டரம்மா சொன்னது இது. குழாயை அடைத்துச் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது. அது எதனால் வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு இடத்தில் கிள்ளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம். தொண்டை மரத்திருப்பதால் இரண்டு மணி நேரம் எதுவும் விழுங்கக் கூடாது. இரண்டு நாள் சளியில் ரத்தம் கலந்து வரலாம், ஒரு ஸ்பூனுக்கு மேல் வந்தால் உடனே வர வேண்டும். கனம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. குரல் கட்டியிருக்கும், அதனால் இரண்டு நாள் பேசக் கூடாது.

கடைசி விதியைக் கேட்டதும் வெள்ளையம்மாள், அன்று முழுக்க முதல் முறையாக, சிரித்தாள். "ரெண்டு நாளுதானுங்களா? ஒரு மாசம்னு எழுதிக் குடுத்துருங்க."

மலை ரோட்டின் எழுபது வளைவும் ஏறி வீட்டுக்கு வந்து படுத்தேன். பேசாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். குட்டை மடையை அடைத்தாயா என்று எழுதினால் வெள்ளையம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இட்டிலி ஒண்ணு போதும்ங்கறீங்களா? சரி" என்று ஒன்றோடு நிறுத்திக்கொள்வாள். வேண்டுமென்றே செய்தாள் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் துப்பக் கொடுத்த கொட்டாங்குச்சியை அவள் பார்த்த பார்வை வேறு. சாமையில் கல் பொறுக்குவது போல, ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பாள். முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாள் காப்பி நிறம். மூன்றாம் நாள் வெறும் கோடு. "குறையுதுங்க" என்று மட்டும் சொல்வாள். காய்ச்சல் ஒரு நாள் லேசாக வந்து போனது. அதுவும் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வந்தாலே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். என் வீட்டில் யாரும் எக்காலத்திலும் மெதுவாகப் பேசியது கிடையாது. செல்வராசு தினமும் சாயங்காலம் போன் செய்து, முடிவு வந்துவிட்டதா என்று நான் கேட்பதற்கு முன்பே, "இன்னும் வரலீங்கப்பா" என்பான். கட்டிலிலிருந்து பார்த்தால் மிளகுக் கொடிகள் தெரியும். ஐப்பசியில் என்ன உரம், யாரை வேலைக்குக் கூப்பிடுவது என்று வழக்கமாக நினைப்பவன், அடுத்த மாசியில் யார் பறிப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். பயந்தேன். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு என் பங்காளி பெரியசாமி வந்தான். தோட்டம் எனக்குப் பக்கத்துத் தோட்டம். அவன் கொண்டு வந்தது ஆரஞ்சுகூட இல்லை, பன். உட்கார்ந்தான். என் நெஞ்சைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, தம்பி ராசிபுரத்துல இருக்கறான். அண்ணி ஒரு பொம்பள என்ன பண்ணும்? கொடிய நான் வேணா குத்தகைக்குப் பாத்துக்கறேன். வெளியாளு கையில போறதுக்கு..."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. கட்டிலை விட்டு எழுந்தேன். எழுந்தேன் என்ன, குதித்தேன். "எவன்டா சொன்னான் நான் செத்துப் போவேன்னு? என்ற கொடியத் தொட்டுப் பாரு!" என்று நெஞ்சு பிளக்கக் கத்தினேன். இரண்டு நாள் ஊமையாகவும் மூன்று நாள் மெதுவாகவும் அடக்கி வைத்த குரல். பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு இருமலை வாழ்நாளில் நான் இருமியதில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து முதுகைத் தடவினாள். பெரியசாமி பன்னைக் கையில் பிடித்தபடி வாசல் வரைக்கும் பின்னால் போய்விட்டான்.

நெஞ்சின் அடியில் ஏதோ ஒன்று பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. அடுத்த இருமலுக்கு அது என் முன்பல்லில் வந்து 'டக்'கென்று அடித்தது. சோற்றில் கல் கடிபடுவது போல. உள்ளங்கையில் துப்பினேன்.

சளி, கொஞ்சம் ரத்தம், நடுவில் கறுப்பாக உருண்டையாக ஒன்று.

வெள்ளையம்மாள் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். சளி போனது. உருண்டை நின்றது. ஊறி உப்பி, தோல் சுருங்கி, ஆனால் சந்தேகமே வேண்டாம். மிளகு. என் வாழ்க்கையில் கோடி மிளகு பார்த்திருப்பேன், எனக்குத் தெரியாதா? மிளகு வாங்கவும் விற்கவும் போகிற எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கைக்கு மிளகு வந்ததும் ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். என் கை தானாக வாய்ப் பக்கம் போனது.

"ஐயோ சாமி, கடிச்சுக் கிடிச்சுப் பாக்காதீங்க!" என்று வெள்ளையம்மாள் கையைத் தட்டிப் பிடித்தாள்.

அப்போதுதான் எனக்கு முழுசாக நினைவு வந்தது.

மாசி மாதம். பறிக்க வந்த ஆள்கள் மெதுவாகப் பறிக்கிறார்கள் என்று நானே ஏறினேன். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் விட்டிருக்கும் கிளைக் குச்சியில் கால் வைத்து ஏற வேண்டும். ஒரு கை ஏணியில், ஒரு கை கொடியில். இடம் மாறும்போது பறித்த கொத்தை இடுப்புச் சாக்கில் போட நேரம் இல்லாவிட்டால் பல்லில் கடித்துக்கொள்வோம். அப்படிக் கடித்துக்கொண்டு நிற்கும்போது கீழே கொத்துப் பொறுக்கிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் சொன்னாள்: "அறுவத்தாறு வயசுல கொரங்கு வேல எதுக்குங்க? விழுந்தா மொளகோட சேத்து உங்களையும் காயப் போடோணும்."

ஆள்கள் சிரித்தார்கள். நான் விடுவேனா? கொத்து வாயில் இருக்கும்போதே பதில் சொல்ல வாயைத் திறந்து மூச்சை இழுத்தேன். ஒரு மிளகு மணி உள்ளே போனது. மரத்தின் மேலேயே இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னாச்சுங்க?" என்றாள். "தூசி" என்றேன். வேறு என்ன சொல்வது, கீழே ஆறு பேர் பார்க்கிறார்கள்.

டாக்டரம்மா கேட்டபோது இது நினைவுக்கு வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதிக் கால்வாசி இதுதான்: லேசாக வந்தது. வெள்ளையம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது சாப்பாடும் இல்லையே என்று நானே சமாதானம் சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆகையால் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் கேட்டால், சிரிப்பு வருகிற விஷயமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பெண்டாட்டியை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லுங்கள்.

மிளகை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு அன்றே கீழே இறங்கினோம். பெரியசாமியும் கூட வந்தான். நேரில் பார்த்த சாட்சி அவன்தான், எப்படி விடுவேன்? செல்வராசு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். டாக்டரம்மாவின் மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்தேன்.

அவர் இடுக்கியால் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கிருந்துங்க?"

"என்ற நெஞ்சுக்குள்ள இருந்துங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து ரூம் டாக்டர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். சிஸ்டர் வந்தார். போனில் படம் எடுத்தார்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தார்கள். மறுபடி ஓர் எக்ஸ்ரே. அன்றைக்கே காற்று கொஞ்சம் கீழே போகத் தொடங்கியிருந்தது. கிள்ளி எடுத்த சதையின் முடிவும், சொன்ன ஒரு வாரத்துக்கு முன்பே, அன்று மத்தியானம் வந்திருந்தது. டாக்டரம்மா அதை உரக்கப் படித்தார்: கேன்சர் இல்லை. வெறும் புண்ணுச் சதை. உள்ளே புகுந்த பொருளைச் சுற்றி உடம்பு தானாகக் கட்டிய சுவர்.

வெள்ளையம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. செல்வராசு என் தோளில் கையை வைத்தான், எடுக்கவே இல்லை. பெரியசாமி, "நான் போயிக் கோவத்தக் கெளப்பலீன்னா வந்திருக்குமாண்ணா?" என்றான். அவனையும் அன்றைக்குக் கட்டிப் பிடித்தேன். குத்தகை கிடையாது என்று காதில் சொல்லிவிட்டுத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒன்றைக் காட்டினார். டாக்டர்கள் எல்லாம் கூடுகிற மீட்டிங்கில் என் கேஸைப் பேசப் போகிறாராம். ஸ்கேன் படம் இருந்தது, குழாய் வழியாக எடுத்த படம் இருந்தது, மிளகு ஸ்கேலோடு பெரிதாக இருந்தது. செல்வராசு தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். கீழே பெயர்கள். டாக்டரம்மா பெயர், இன்னும் இரண்டு டாக்டர்கள் பெயர், சதையைச் சோதித்தவர் பெயர். என்னைப் பற்றி, அறுபத்தாறு வயது ஆண், விவசாயி. அவ்வளவுதான்.

"என்ற பேரு எங்கீங்க?" என்றேன்.

"நோயாளி பேரப் போடக் கூடாதுங்கய்யா. உங்க பாதுகாப்புக்குத்தான் அந்த விதி."

"எனக்கென்னத்துக்குங்க பாதுகாப்பு? திருடியா வச்சிருந்தேன்?"

"நாங்க குழாய் உட்டு அந்தச் சதையக் கிள்ளுனதுனாலதான் அது பிடி உட்டு வந்துச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதை நான் மறுக்கவில்லை. பிடியைத் தளர்த்தியது அவர்கள். அவருடைய கைக்கும் அந்தச் சிஸ்டரின் குரலுக்கும் என் கும்பிடு எப்போதும் உண்டு. ஆனால் தளர்த்தியதை வெளியே கொண்டு வந்தது யார்? ஐந்தாம் நாள், மலை மேல், டாக்டரும் மெஷினும் இல்லாத இடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு இருமியது யார்? அந்த மிளகை விளைவித்தது யார்? ஏன், உள்ளே விட்டதும் நான்தான். அதையும் சேர்த்தே எழுதட்டும், எனக்கு வெட்கம் இல்லை. அந்த மீட்டிங்கில் உட்காரும் டாக்டர்கள் எல்லோருக்கும் இந்த எழுத்தின் மூலம் சொல்கிறேன்: அந்தப் படம் வரும்போது, விவசாயி என்று தாண்டிப் போகக் கூடாது. நோயாளி என்ற இடத்தில் பெயர் போடக் கூடாது என்றால் டாக்டர்கள் பெயர் இருக்கும் வரிசையில் போடுங்கள். அரியூர் நாடு, சடையன் மகன் பொன்னுசாமி, இருமி எடுத்தவர். முழுசாக, மற்ற பெயர்கள் இருக்கும் அதே பெரிய எழுத்தில்.

இதை எழுதி முடித்து வெள்ளையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, மரத்து மேல இருந்தவர வாயத் தொறக்க வச்சது ஆரு? நான் பேசலீன்னா மொளகு உள்ள போயிருக்குமா? என்ற பேரு எங்க?"

நியாயம்தான். வெள்ளையம்மாள் பெயரையும் போடலாம். என் பெயருக்குக் கீழே.